ரெட்டை என்ஜின்காரி

கம்பெனியில் எங்கள் லைனில் மூன்றாவது மிஷினின் எண்ணெய்க் குழாய் வெடித்த அன்றுதான் அக்காவின் குரலை நான் முதலில் கவனித்தேன். சூடான எண்ணெய் பீச்சியடித்தது. நாங்கள் எல்லோரும் கத்திக்கொண்டு கதவுப் பக்கம் ஓடினோம். அக்கா போய் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். சுவரில் மாட்டியிருந்த போனை எடுத்து ஷிஃப்ட் இன்ஜினியரிடம் பேசினாள்.

“சார், மூணாம் மிஷின்ல ஹோஸ் வெடிச்சிடுச்சி. மிஷின நிறுத்திட்டேன். ஒரு பொண்ணுக்கு முழங்கையில பட்டுகீது. கொழாத் தண்ணில காட்டிக்கினு கீது. வண்டி அனுப்புங்க.”

கேன்டீனில் சாம்பார் தீர்ந்துபோச்சு என்று சொல்வார்களே, அந்தக் குரல். இன்ஜினியர் ஓடிவந்து பார்த்தபோது அக்காவின் கன்னத்திலும் கொப்புளம் எழும்பியிருந்தது.

“ஏம்மா, உனக்கும் பட்டிருக்கே. சொல்லவே இல்ல?”

“ஆமா சார். எனக்கும் பட்டுகீது.”

அவள் அப்படித்தான். நடந்ததை நடந்த வரிசையில் சொல்வாள். கூட ஒரு ‘ஐயோ’ வராது. லைனில் புதிதாகச் சேர்ந்த பெண்கள் அவளைத் திமிர் பிடித்தவள் என்று நினைப்பார்கள். கொஞ்ச நாள் கழித்து, ஏதாவது பிரச்சினை என்றால் முதலில் அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

தேர்வாய் கண்டிகையில் காருக்கான பிளாஸ்டிக் சாமான் செய்கிற கம்பெனி அது. நாங்கள் இரண்டு பேரும் கும்மிடிப்பூண்டியில் ஒரே காம்பவுண்டில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருந்தோம். கம்பெனி பஸ்ஸிலும் ஒரே சீட்டு. என் வீட்டுக்காரர் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர், பாதி நாள் ஊரில் இருக்கமாட்டார். அதனால் நான் பெரும்பாலும் அக்கா வீட்டில்தான் கிடப்பேன். அவள் பள்ளிப்பட்டுப் பக்கம் பிறந்தவள், அப்பாவை நைனா என்பாள். கல்யாணம் ஆகித்தான் இந்தப் பக்கம் வந்தாள். குழந்தை இல்லை. அதையும் ஒருமுறை பஸ்ஸில் நான் கேட்காமலேயே சொன்னாள். “ரெண்டு தபா நின்னுச்சி. ரெண்டும் தங்கல.” சொல்லிவிட்டு ஜன்னல் கண்ணாடியை இழுத்துச் சாத்தினாள்.

அவள் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்பேன். இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டினார். உருக்கிய இரும்பு ததும்பும் தொட்டியை ஆட்கள் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு போகிற கிரேன். வீட்டுக்கு வந்தால் கம்ப்யூட்டர்தான். அதில் விமானம் ஓட்டுவார். “பகலெல்லாம் ஒசரத்துல ஒக்காந்துட்டு ஊட்டுக்கு வந்தும் ஒசரத்துலயே கீறாரு” என்பாள் அக்கா.

விளையாட்டு என்றுதான் சொல்லவேண்டும், ஆனால் பிள்ளைகள் போனில் ஆடுகிற மாதிரி இல்லை. என்ஜினை ஓடவைக்கவே அத்தனை விசைகளைத் திருப்பவேண்டும். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் ஹெட்போனில் பேசிக்கொண்டே ஒரே வானத்தில் பறப்பார்கள். இரண்டாம் உலகப்போர் வானம். அண்ணன் எடுப்பது எப்போதும் ஒரே விமானம், ஜெர்மன்காரன் செய்த ரெட்டை என்ஜின் சண்டை விமானம். அதன் முழுப்பேர் எங்கள் வாயில் நுழையாது. பேரின் கடைசியில் வருகிற எண்ணை வைத்து நூத்திப்பத்து என்போம். முன்னால் ஒருவர் உட்கார்ந்து ஓட்டவேண்டும். பின்னால் ஒருவர் வாலைப் பார்த்தபடி, முதுகைக் காட்டி உட்கார்ந்து, துரத்தி வருகிறவனைச் சுடவேண்டும்.

“மத்தவங்கல்லாம் சின்னதா அழகா ஒண்ணு வச்சிக்கினு கீறாங்களே, நீங்க ஏண்ணே இந்த எருமைய ஓட்றீங்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

அண்ணன் சிரித்தார். “குண்டு போடப் போற விமானத்துக்குத் தொணையா போறதுக்குன்னே இத செஞ்சாங்க. மூக்கு பூரா பீரங்கியும் மிஷின்கன்னும். நேரா போயி அடிச்சா எதிர்ல எதுவும் நிக்காது. ஆனா சட்டுனு வளைஞ்சி திரும்ப முடியாது. இங்கிலாந்து மேல போனப்ப சின்ன சின்ன விமானமா வந்து வாலப் புடிச்சிக்கினு கொத்திட்டான். கடைசில காவலுக்குப் போனதுக்கே காவல் வோணும்னு ஆயிடுச்சி.”

“அப்புறம் இன்னா பண்ணாங்க?”

“வட்டமா சுத்துவாங்க. ஒண்ணோட வால பின்னாடி வர்றது பாத்துக்கும். அதோட வால அதுக்குப் பின்னாடி வர்றது.”

அந்த மழைக்காலத்தில்தான் ஆலையில் விபத்து நடந்தது. அக்கா என் வாசலில் வந்து நின்று சொன்னாள். “அவருக்கு வலது கை போயிடுச்சி. உசுருக்கு ஒண்ணும் இல்லன்றாங்க. நான் மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குப் போறேன். அடுப்புல பால் கீது, பாத்துக்க.” நான் ஓவென்று அழுதுவிட்டேன். அவள் என் தோளைத் தட்டிவிட்டு ஆட்டோவில் ஏறினாள்.

மணிக்கட்டோடு கையை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். ஊட்டினால் வாயைத் திறப்பார், போதும் என்றால் மூடிக்கொள்வார். பேச்சு இல்லை. கம்ப்யூட்டர் மேல் அக்கா ஒரு பழைய துண்டைப் போட்டு மூடினாள்.

ஒருநாள் பஸ்ஸில் சொன்னாள். “நேத்து பேசினாரு.”

“பேசினாரா! இன்னாக்கா சொன்னாரு?”

“எடது என்ஜினுக்கு மொதல்ல பெட்ரோல் தொறன்னாரு.”

அதற்கு முன் என்ன நடந்தது என்று பிறகு மெதுவாகத்தான் தெரிந்தது. ஷிஃப்ட் முடிந்து வந்து, சமைத்து வைத்து, அவள் தினமும் கம்ப்யூட்டர் முன்னால் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். எதை எதையோ அமுக்கி என்ஜினை ஓடவைக்கப் பார்த்திருக்கிறாள். அது இருமிவிட்டு நிற்கும். மறுபடி அமுக்குவாள். மறுபடி இருமும். சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மனிதருக்கு அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

அப்படித்தான் அவள் முன் சீட்டுக்கு வந்தாள். அண்ணனுக்கு ஒரு பழைய லேப்டாப்பை மேசையின் அந்தப் பக்கம் வைத்தாள். இடது கையில் மவுஸைப் பிடித்து அவர் பின்னால் வருகிறவனைச் சுடுவார். லேப்டாப் அனலாய்க் கொதிக்கும், அதற்கென்று தனியாக ஒரு டேபிள் ஃபேன் ஓடும். கால் மிதிகள் அண்ணன் கை நன்றாக இருந்த காலத்தில் கழிவு இரும்பில் வெட்டிப் பற்றவைத்தது. மெட்டி போட்ட விரல்கள் அதில் அழுந்துவதைப் பார்த்துக்கொண்டு நான் கட்டிலில் உட்கார்ந்து பூண்டு உரிப்பேன்.

“பின்னாடி இன்னா?” என்பாள்.

“ரெண்டு வரான். தூரம்.”

“எந்தப் பக்கம்?”

“எடது. மேல.”

துப்பாக்கி தடதடக்கும். விமானம் குலுங்கும். அக்காவின் குரல் குலுங்காது. “வலது என்ஜின்ல அடி. தண்ணி ஒழுகுது. சூடு ஏறுது. நிறுத்தறேன். ஊட்டுக்குத் திரும்பறேன்.”

வலது பக்கச் சுழலி நின்றுவிடும். ஒற்றை என்ஜின் இழுக்கிற இழுப்புக்கு விமானம் ஒரு பக்கமாகவே போகப் பார்க்கும். அவள் இடது காலால் மிதியை அழுத்திப் பிடித்துக்கொண்டே சாம்பல் நிறக் கடலின் மேல் வருவாள். அடிபட்டால் மற்றவர்கள் ஒரு விசையைத் தட்டிப் புது விமானம் எடுத்துக்கொள்வார்கள். அக்கா ஒற்றை என்ஜினில் திரும்பி வருவதற்குள் அடுப்பில் சோறு வெந்து நான் வடித்தும் விடுவேன்.

“எதுக்குக்கா இவ்ளோ நேரம்? புதுசு எடுத்துக்க வேண்டிதுதானே?”

“இதுல ரெண்டு பேரு கீறோம்ல” என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் டிப்ளமோ படித்தவள், இங்கிலீஷ் கொஞ்சம் சமாளிப்பேன். ஹெட்போனில் பேசுகிறவர்கள் சொல்வதை நான்தான் அவளுக்குச் சொல்வேன். ஒருநாள் எதிர்ப்பக்கம் பறக்கிறவன் ஒருவன் கேட்டான். எப்போதும் ஜெர்மன் விமானத்தையே எடுக்கிறாயே, அவர்கள் யார், என்ன செய்தார்கள் என்று தெரியுமா? அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

“தெரியும்னு சொல்லு” என்றாள் அக்கா. “ஜனங்கள அடைச்சி வச்சிக் கொன்னாங்க. அவரு சொல்லிக்கீறாரு. அவங்க தோக்கணும், தோத்தாங்க. நான் ஜெயிக்க வரல.”

“பின்ன எதுக்கு வரேன்னு கேக்கறான்க்கா.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “இதுல ஒக்காந்தா எங்க ஊட்டுக்காரரு பேசறாரு.”

நான் அதை எப்படியோ இங்கிலீஷில் சொன்னேன். விளையாட்டில் அண்ணன் வைத்துக்கொண்ட பெயர் கிரேன். அன்றிலிருந்து அவர்கள் இவளை மிசஸ் கிரேன் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. ஆனால் அன்று குழம்புக்கு உப்புப் போட மறந்துவிட்டாள்.

அண்ணன் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் நாஷ்டா சாப்பிட்டுவிட்டுப் பறக்க உட்கார்ந்தார்கள். நான் வாசல்படியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். உள்ளே துப்பாக்கி சத்தம் நின்றது.

“பின்னாடி இன்னா?”

பதில் இல்லை.

“பின்னாடி இன்னா?”

இரண்டாவது முறையும் அதே குரல்தான். நான் எட்டிப் பார்த்தேன். அண்ணனின் தலை லேப்டாப் ஓரமாகச் சாய்ந்திருந்தது. இடது கை மவுஸ் மேலேயே இருந்தது. அக்கா ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு மேசையைச் சுற்றி வந்தாள். அவரைத் தரையில் கிடத்தினாள். கம்பெனி பாதுகாப்பு வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி இரண்டு கையையும் கோத்து நெஞ்சில் அமுக்கத் தொடங்கினாள். வாய்விட்டு எண்ணினாள். “ஆட்டோ கூப்புடு” என்றாள் எண்ணிக்கைக்கு நடுவில்.

நான் மீன் கையோடு ரோட்டுக்கு ஓடினேன். ஆட்டோவோடு திரும்பி வந்தபோதும் எண்ணிக்கொண்டிருந்தாள். அதே வேகம், அதே குரல். திரையில் விமானம் யாரும் ஓட்டாமல் தானாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்து, மெதுவாகக் கடலைப் பார்த்து இறங்கியது. அது விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. அவரைத் தூக்கி வண்டியில் ஏற்றிவிட்டு வீட்டைப் பூட்டத் திரும்பி வந்தேன். மறுபடி தொடங்கவா என்று திரை கேட்டுக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

துக்கத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் அக்கா ஒரே வார்த்தைகளைச் சொன்னாள். “நெஞ்சு வலின்னு சொல்லல. வெளையாடிக்கினு இருந்தாரு. சத்தம் நின்னுச்சி. பாத்தேன். அமுக்கிப் பாத்தேன். வரல.” பத்தாவது ஆளிடமும் ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. பெண்கள் தங்களுக்குள் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். அண்ணனின் அம்மா தாங்கமுடியாமல் எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“அயுடி! கட்டுனவன் போயிட்டான்டி! ஒரு சொட்டுத் தண்ணி கண்ணுல வராதா ஒனக்கு?”

“வரல அத்த” என்றாள் அக்கா.

காரியம் முடிந்து வேலைக்கு வந்தாள். லைனில் அவள் மிஷினில் பழுதான சாமான் ஒன்றுகூட விழவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறப்பாள், சாப்பிடுவாள், கழுவுவாள். நான் ஏதாவது பேசினால் பதில் சொல்வாள். பேசாவிட்டால் அவளும் பேசமாட்டாள். இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு சாயங்காலம் என் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“பின்னாடி ஒக்கார ஆள் இல்ல. வர்றியா?”

லேப்டாப்பில் எழுத்துகள் மேல் தூசு படிந்திருந்தது. நான் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். உள்ளே போனதும் ஹெட்போனில் ஒரே சந்தோஷக் கூச்சல். மிசஸ் கிரேன் வந்தாச்சு, கிரேன் எங்கே?

“செத்துட்டாருன்னு சொல்லு” என்றாள்.

சொன்னேன். அவர்கள் சிரித்தார்கள். ஒருவன் ஏதோ சொன்னான்.

“இன்னா சொல்றாங்க?”

“பரவால்லயாம். திரும்ப உள்ள வரச் சொல்லுன்றாங்க. வர்ற வரைக்கும் காத்துக்கினு இருக்காங்களாம்.”

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “வேணாம்னு சொல்லு. காத்துக்கினு இருக்க வேணாம்.”

நெஜமாவே செத்துவிட்டார், இங்கே, வீட்டில், என்று நான் இரண்டு முறை சொல்லவேண்டியிருந்தது. வயதான குரல் ஒன்று எங்களுக்குத் தெரியாத பாஷையில் நீளமாக ஏதோ சொன்னது. அவரவர் என்ஜினை ஓடவிட்டார்கள். நாங்களும் கிளம்பினோம்.

நான் நன்றாகச் சுடமாட்டேன். எதிரி பெரிதாகத் தெரிகிற வரைக்கும் பயந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அக்கா திட்டமாட்டாள். “பின்னாடி இன்னா?” என்பாள், நான் உளறுவேன், அவள் வளைப்பாள். அந்த விமானம் வளையும் லட்சணத்துக்கு எங்களைத் தினமும் யாராவது கொத்திக்கொண்டேதான் இருந்தார்கள்.

ஒருநாள் இரண்டு என்ஜினிலும் தீப்பிடித்தது. கரை கண்ணுக்குத் தெரிகிற தூரம்.

“நீ குதி” என்றாள்.

“நீ?”

“நான் வரேன். நீ குதி.”

அதுவரை அவள் யாரையும் குதிக்கச் சொன்னதில்லை. நான் விசையைத் தட்டினேன். என் திரையில் சத்தமெல்லாம் நின்று காற்று மட்டும் வீசியது. பாராசூட் குடையில் தொங்கிக்கொண்டு கீழே பார்த்தேன். அவள் விமானம் புகையோடு கரையைத் தாண்டி, தாழ்ந்து, ஒரு வயலில் வயிறு உரசி நின்றது. தீ இன்னும் எரிந்தது. நான் எழுந்து அவள் பக்கம் போனேன். அவள் திரை முழுக்க நெருப்பு. விமானத்தைத் திருப்புகிற குச்சியை அவள் கை விடவில்லை.

“எறங்கிட்டக்கா. வெளிய வா.”

“வண்டி நின்னுடுச்சி. தீ மூக்குல கீது. நான் உள்ள கீறேன்.”

“வெளிய வர்றதுக்கு அமுக்குக்கா.”

“தீ உள்ள வருது” என்றாள். “நான் உள்ள கீறேன்.”

அமுக்கவில்லை. வெறும் படம்தான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் குரலில் அவள் அதைச் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குப் பேஜாராகிவிட்டது. சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தேன். திரை கறுத்தது. அவள் கோபப்படவில்லை. குச்சியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

“சோறு துன்னியா?” என்று கேட்டாள்.

அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் ஊரில் இல்லாத நாளெல்லாம் நான் அவள் வீட்டிலேயே படுத்தேன். காரணம் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கம்ப்யூட்டரை அவளே ஒரு சனிக்கிழமை அண்ணனின் தம்பி மகனுக்குக் கொடுத்தனுப்பினாள். மிதிகளை மட்டும் எடைக்குப் போட்டாள்.

இப்போது அக்கா கம்பெனியில் இல்லை. பள்ளிப்பட்டில் நைனாவோடு இருக்கிறாள், கடைவீதியில் தையல் கடை வைத்திருக்கிறாள். போன் செய்தால் எடுப்பாள், மூன்று வாக்கியத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். லைனில் பழைய ஆட்கள் அவள் பேச்சை எடுத்தால் எண்ணெய்க் குழாய் வெடித்த கதையைத்தான் சொல்வார்கள். எனக்குப் புனே போனதுதான் ஞாபகம் வரும்.

அவள் வேலையை விடுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், புது மிஷினில் பழக எங்கள் கம்பெனியிலிருந்து நாலைந்து பேரைப் புனேவுக்கு அனுப்பினார்கள். அக்கா பேரும் இருந்தது, என் பேரும் இருந்தது. விமானத்தில் போகவேண்டும் என்றதும் லைனே எங்களைச் சூழ்ந்துகொண்டது. அக்கா “சரி” என்றாள்.

காலை விமானம். இரண்டு பேரும் கம்பெனி யூனிஃபார்மில் இருந்தோம். ஜன்னல் சீட்டை அவளுக்குக் கொடுத்தேன். இறக்கையைப் பார்த்தாள், பெல்ட்டை மாட்டினாள், கையை மடியில் வைத்துக்கொண்டாள். விமானம் ஓடுபாதையில் திரும்பி நின்றது. என்ஜின் இரைந்தது.

“ஓடுது” என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். “வேகம் எடுக்குது. வால் நேரா கீது. இப்ப மூக்கத் தூக்கு—”

வார்த்தை பாதியில் நின்றது. சீட் எங்கள் முதுகில் வந்து மோதியது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது. கீழே ரோடு, ஏரி, தகரக் கூரைகள் எல்லாம் சரிந்து கீழே போயின. அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை.

“இன்னாக்கா?”

“முதுவ அயுத்துது.” மூச்சு வாங்கினாள். “வயிறு மேல வருது. காது அடைக்குது.”

“அப்டித்தான் இருக்கும்னு சொன்னாங்க. கொஞ்ச நேரத்துல சரியாயிடும்.”

விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பியது. அவள் இடது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. அங்கே மிதிக்க எதுவும் இல்லை.

“அவரு இதச் சொல்லவே இல்லடி” என்றாள்.

ஜன்னலில் வெள்ளையாக மேகம் வந்து ஒட்டியது. வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

“அவருக்குத் தெரியாது. அவரு ஒரு தபா கூட ஏறினதே இல்ல.”

சொல்லிவிட்டு என் கையை விட்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி யூனிஃபார்ம் காலரில் விழுந்தது. அது வருவதே அவளுக்குத் தெரிந்த மாதிரி இல்லை. தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டே வந்த பணிப்பெண் எங்கள் வரிசையில் நின்றாள். சின்னப் பெண், தமிழ்ப் பெண்தான்.

“மேடம், நல்லா இருக்கீங்களா?”

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். உதடு அசைந்தது. என்ன நடந்தது என்று யார் கேட்டாலும் அவளிடம் பதில் இருக்கும். நானும் காத்திருந்தேன். சத்தம் வரவில்லை.

“மேடம்? நல்லா இருக்கீங்கதானே?”

இல்லை என்று தலையை ஆட்டினாள். நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருந்தாள்.